விட்டுப்போன பேன் சீப்பு

சொன்னால் நம்பமாட்டீர்கள்... அன்று பெய்த மழையில் தவளைகளே நனைய அஞ்சி வராந்தாவில் ஏறி ஒதுங்கி நின்றன. அந்த மழைக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தும் அதைத் தலைக்குப் போட்டுக்கொள்ளவில்லை. தோளில் தொங்கிய தொழில் பெட்டிக்குப் போர்த்தியிருந்தான்.

'பெட்டிக்கு இருக்கும் மரியாதை தலைக்கு இல்லை போல...' என்று நினைத்துக்கொண்டாள் வார்டன்.

மலைப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளி அது. பெண்கள் விடுதிக்கு அவள் பொறுப்பு. வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான். வணக்கம் சொன்னாலும் அதட்டித்தான் சொல்வாள் என்பதால், பிள்ளைகள் வைத்த பெயர் இடியக்கா.

அவன் நிமிர்ந்தான். இமையிலிருந்து மழை சொட்டியது. அந்தக் கண்கள்... நனைந்த கருங்கல் போல... சீச்சீ, கல்லுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா? இடியக்காவுக்கு ஒரு நொடி இடிக்கவே மறந்துபோனது.

“முடி வெட்ட ஆள் கேட்டிருந்தீங்களாமே?”

“காலைலயே வரச் சொன்னேன்.”

“காலைலதான் கிளம்பினேன். மழை நடுவுல உக்காரவெச்சுப் பேச ஆரம்பிச்சிடுச்சு...”

சிரிப்பு உதடுவரை வந்துவிட்டது. அதையும் அதட்டித் திருப்பி அனுப்பினாள்.

“நாப்பத்தி மூணு பேர். எல்லாருக்கும் மொட்டை. பேன் தாங்கல. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வர்றார்.”

அந்த விடுதிப் பேன்களும் லேசுப்பட்டவை அல்ல. சாப்பாட்டு மணி அடித்தால் பிள்ளைகளுக்கு முன்பே வரிசையில் நிற்கும் என்று சமையற்காரர் சத்தியம் செய்வார்.

அவன் பெட்டியைத் திறந்தான். சுவரோரம் பிள்ளைகள் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். பெட்டியை மூடினான்.

“முடியாதுங்க.”

“என்னது?”

“மலையில வீட்டுல சாவு விழுந்தாதான் முடி எடுப்பாங்க. இதுங்களுக்கு இதுதான் சாவுச்சேதி. வாயால எதுவும் சொல்லவே வேணாம்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நானும் இங்க படிச்சவன்தான். எட்டு வயசுல இதே வராந்தாவுல மழிச்சாங்க. அம்மா போயிட்டான்னு ஆறு மாசம் அழுதேன். லீவுக்குப் போனா, எங்கம்மா வாசல்ல நின்னு விறகு பொளந்துட்டு இருக்கா! பேய்னு ஓடினேன். பேயும் விறகுக்கட்டையோட துரத்துச்சு...”

“அப்புறம் எதுக்கு இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?”

“கத்தி என் கையில இருந்தா, யார் தலையைத் தொடக்கூடாதுன்னு நான் முடிவு பண்ணலாம்ல.”

பெட்டியிலிருந்து ஒரு பேன் சீப்பை எடுத்து நீட்டினான். “வாரி எடுத்துடலாம். ஒரு தலைக்கு நாலு நாள். நானே வர்றேன்.”

“நாப்பத்தி மூணு பேருக்கும் தலைக்கு நாலு நாளா? அதுக்குள்ள அதிகாரி ரிட்டையர் ஆயிடுவார்!”

ஆசிரியர் அறையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. எல்லோர் முன்னாலும் ஒரு சீப்புக்காரனிடம் தோற்பதா?

“எனக்கு யாரும் பாடம் நடத்த வேணாம். கிளம்புங்க.”

சீப்பை மேஜைமேல் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கினான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான்... அவளை அல்ல. பிள்ளைகளை.

அவள் அலுவலகக் கத்திரியை எடுத்தாள். பேன் அதிகமிருந்த ஏழு வயதுக்காரியை முதலில் உட்காரவைத்தாள். அந்தப் பிள்ளைக்குப் பெயரே வானொலி. தூக்கத்தில்கூடச் செய்தி வாசிப்பாள். முதல் கொத்து விழுந்ததும் வானொலி நின்றது. கடைசிவரை ஒரு சொல் வரவில்லை. விழுந்த முடியையெல்லாம் பாவாடையில் அள்ளிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். “மிச்சம் நாளைக்கு...” என்று இடியக்கா கத்திரியை வைத்துவிட்டாள்.

விடிந்தபோது வானொலியின் பாய் காலி.

“அம்மாவைப் புதைக்கிறதுக்குள்ள பார்க்கணும்னு போயிட்டாக்கா” என்றன மற்ற பிள்ளைகள், ஏதோ கடைக்குப் போனதைச் சொல்வதுபோல.

இடியக்கா வெறுங்காலோடு பேருந்து நிறுத்தத்திலிருந்த அவன் முடிதிருத்தும் கடைக்கு ஓடினாள். அங்கே ஒருவருக்குப் பாதி சவரம் முடிந்திருந்தது. அவள் சொன்ன அரை வார்த்தையில் கத்தியைப் போட்டுவிட்டு வந்தான். மறுபாதித் தாடியோடு அந்த மனிதர் மூன்று நாள் ஊருக்குள் நடமாடினார். கேட்டவர்களிடம், இதுதான் இப்போது நாகரிகம் என்றாராம்.

மதியம் வானொலியை மலை ஓடையில் கண்டார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவில் கால் சிக்கி, இடுப்புவரை குளிர்ந்த தண்ணீரில்... கைக்குள் அந்த முடிக்கொத்து மட்டும் பத்திரமாக இருந்தது. அங்கிருந்து அவள் வீடுதான் பக்கம். அவன் தூக்கிக்கொண்டு ஏறினான். அவள் பின்னால் ஓடினாள்.

வாசலில் நின்ற தாய், மகளின் தலையைத்தான் முதலில் பார்த்தாள்.

“யாரு செத்தா?”

வானொலி கையை நீட்டி, அம்மாவின் மூக்கடியில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. அதன்பிறகுதான் மயங்கினாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் வானொலியின் சிக்கிய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். “மழிச்சது அந்த ஆளுன்னு எழுதிடும்மா. கத்தி வெச்சிருக்கறவன் அவன்தானே? நாளைக்கு அதிகாரி கேட்டா ஒரே பேச்சா இருக்கணும்.”

“நான்தானே சார் வெட்டினேன்?”

“உண்மையைச் சொன்னா வேலை போகும். பரவாயில்லையா?”

அப்பாவுக்குப் போன் செய்தாள். “வேலையை விட்டுட்டு வந்து என் வாசப்படியை மிதிக்காதே” என்றார் அவர். வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி கையில் அவள் தந்த தாளில் நான்கே வரிகள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். கேட்கவில்லை. கத்திரி என் கையில் இருந்தது. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

மாலைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மறுபடியும் மழை. துணிப்பெட்டியோடு அவன் கடை வாசலில் நின்றாள். உள்ளே வாடிக்கையாளர் யாரும் இல்லை.

“இதைத் திருப்பிக் குடுக்க வந்தேன்...” சீப்பை நீட்டினாள்.

“என் பேரை எழுதச் சொன்னாங்களாமே?”

“ம்.”

“எழுதியிருந்தா நான் உள்ள போயிருப்பேன்.”

“தெரியும்.”

அவன் சீப்பை வாங்கித் துடைத்தான்.

“ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?”

“தினமும் போறேன். அவ இன்னும் வாயே திறக்கல. அவங்கம்மா என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்... உக்காரக் கொஞ்சம் நகர்ந்து இடம் விடறாங்க. அதுதான் தாங்கல.” சொல்லிக்கொண்டே தலையைச் சொறிந்தாள்.

அவன் பார்த்துவிட்டான். “என்னங்க அது?”

“கிளம்பும்போது நாப்பத்தி ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்க... ஆளுக்கு ரெண்டு குடுத்தனுப்பியிருக்காங்க.”

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துத் திருப்பிப் போட்டான். உட்கார்ந்தாள். சீப்பு உச்சியிலிருந்து மெல்ல இறங்கியது. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது... அவன் நிறுத்தாமல் வாரினான்.

“எத்தனை நாளாகும்?” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“மத்தவங்களுக்கு நாலு நாள். உங்களுக்கு... ஒரு நாப்பது வருஷம் ஆகும்.”

கண்ணாடிக்குள் கண்கள் சந்தித்தன. இந்தமுறை அவன் அவளைத்தான் பார்த்தான்.

“நடுவுல பொறுமை போய் மொட்டை அடிச்சிட மாட்டீங்களே?”

“இந்தத் தலையிலயா? அதுக்கு நான் செத்தாகணும்.”

வீட்டில் சாவு விழுந்தால்தானே முடி எடுப்பார்கள்... அப்படியென்றால்... அவள் தலை குனிந்தாள். சீப்புக்கு அது வசதியாகப் போயிற்று.

“அப்போ... முடி வளரட்டும்” என்றாள்.