சூரை மீனுக்குள் சுருட்டைப் புழு

நொனோய் அன்றும் சோற்றில் வாழைப்பழத்தைப் பிசைந்து தின்றான். அம்மா வைத்த மீன் துண்டு தட்டின் ஓரத்தில் அப்படியே கிடந்தது.

"ஒரு வாய்டா கண்ணு," என்றாள் அம்மா.

"வேணாம்."

"புளி ஊத்தி உனக்குப் பிடிச்ச மாதிரி வச்சிருக்கேன்."

"வேணாம்னா வேணாம்மா!"

ஆறு வயதுப் பையன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்படிக் கத்தினால், எங்கள் சாமார் தீவில் அகப்பை பேசும். ஆனால் நொனோயின் அம்மா லிதா அகப்பையைத் தொடவில்லை. அவனுக்கு அப்பா இல்லாமல் போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. புயலுக்கு முன் கரை திரும்பிவிடலாம் என்று போன பெனிதோவின் படகு கவிழ்ந்துவிட்டது. பலகைகள் கரை ஒதுங்கின. பெனிதோ வரவில்லை.

அக்கா ரெமி தம்பியின் முழங்கையைப் பார்த்தாள். எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. எங்கள் ஊரில் மீன் இல்லாமல் சாப்பாடு கிடையாது. மீன் வேண்டாம் என்பவன் எதைத் தின்று வளர்வான்?

சாப்பிட்டதும் ரெமி அவனைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லு. ஏன்டா மீன் வேணாங்கற?"

நொனோய் மண்ணைக் காலால் கீறினான்.

"புழு இருக்கு."

"அம்மா நல்லா பார்த்துக் கழுவித்தானே வைக்கிறாங்க?"

"அது இல்லக்கா. அந்தப் புழு அப்பாகிட்டேர்ந்து வந்துச்சாம். கடல்ல அப்பாவை மீனு... அந்த மீனைத் தின்னா அப்பாவைத் தின்ன மாதிரியாம்."

ரெமி அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பத்து வயதுப் பெண் அவள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று பெரியவர்களுக்கே தெரியாது.

"யாருடா சொன்னா?"

"எல்லாரும்."

அது பொய்யில்லை. புயலில் பாலம் உடைந்ததால் ஊருக்குள் ஐஸ் வண்டி வரவில்லை. புயலுக்குப் பிறகு முதலில் கடலுக்குப் போன படகுகள் கொண்டுவந்த சூரை மீன்கள் காலையிலிருந்து சந்தைப் பலகையிலேயே கிடந்தன. மதியம் மீன்காரி பசிங் ஒன்றை அறுத்தாள். அறுத்தவள் கத்தியைப் போட்டுவிட்டு அலறினாள். சதைக்குள் நூல் போல வெள்ளைப் புழுக்கள். ஒவ்வொன்றும் கொசுவத்திச் சுருள் மாதிரி சுருண்டு கிடந்தது.

"மீனு எதைத் தின்னுச்சோ!" என்றார் ஒருவர். அடுத்தவர் பெனிதோவின் பேரைச் சொல்லி அந்தப் பேச்சை முடித்துவைத்தார். எங்கள் ஊரில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். கேட்டதைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வார்கள், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு நொனோயின் காதுக்கும் வந்துவிட்டது.

அந்த வாரமே மீன்வளத்துறையிலிருந்து யோலி என்ற இளம்பெண் வந்தார். உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் சேற்றில் இறங்கி, ஒரு காலணியைச் சேற்றுக்கே கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலணியோடு சந்தைக்கு வந்து சேர்ந்தார். சிரித்த யாரையும் அவர் கோபிக்கவில்லை. மீனின் வயிற்றுச் சதையை மெல்லியதாகச் சீவி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். புழு நிழல் போலத் தெரிந்தது. அதை ஊசியால் எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தார்.

"அனிசாகிஸ்," என்றார்.

"அனிச்சா... என்னம்மா?" என்றாள் பசிங்.

"புழுவோட பேரு. சுருட்டைப் புழுன்னே வச்சுக்குங்க. இது டால்பின் வயித்துல வளர்றது. முட்டை கடல்ல விழும். பொரிக்கிற குஞ்சைப் பொடி இறால் தின்னும், இறாலை மீன் தின்னும். மனுஷ உடம்புலேர்ந்து இது வர்றதே இல்ல. வழக்கமா மீன் குடல்லதான் கிடக்கும். குடலை எடுக்காம, ஐஸ் இல்லாம போட்டா, சதைக்குள்ள ஏறிடும். நல்லா வேகவச்சா செத்துப்போயிடும். காடியில ஊறவச்சுப் பச்சையா மட்டும் தின்னாதீங்க."

"காடியில ஊறுனாலே மீனு வெந்துருமே!" என்றார்கள் நாலைந்து பேர். தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடியில் ஊறிய பச்சை மீன் என்றால் எங்களுக்கு உயிர்.

"மீன் வெந்த மாதிரி வெளுக்கும். புழு சாகாம உக்காந்து உங்களப் பார்த்துச் சிரிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். பசிங் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் பாவாடை கட்டுன நாள்லேர்ந்து மீன் அறுக்கறேன். புயலுக்கு முன்னாடி இந்தப் புழு எங்க போச்சு?"

"அப்பவும் இருந்துச்சு. நீங்க குடலைப் பார்க்காமலே பூனைக்குப் போட்டீங்க."

"சொல்றது சுலபம். காட்டு பார்ப்போம்!"

யோலியால் காட்ட முடியவில்லை. புயலுக்கு முன் பிடித்த மீனை அவர் எங்கே போய்த் தேடுவார்? அவர் போன பிறகு, "அரசாங்கத்துல சொல்லிக்குடுத்ததை ஒப்பிக்கறா," என்று எங்கள் ஆட்கள் கலைந்துவிட்டார்கள்.

தம்பி சொன்னதைக் கேட்டபோது, சந்தைக் கூட்டத்தில் நின்று பார்த்த அதெல்லாம் ரெமிக்கு நினைவுக்கு வந்தது. 'அப்பவும் இருந்துச்சு' என்று அந்த அக்கா சொன்னார். அது நிஜமானால், அப்பா வீட்டில் இருந்தபோது பிடித்த மீனிலும் புழு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மீன் இப்போது யாரிடம் இருக்கும்?

அடுப்படிக்குள் நுழைந்தவள் அண்ணாந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே கயிற்றில் ஒரு கருவாடு தொங்கியது.

அது பெனிதோ போட்ட கருவாடு. புயலுக்கு முன்னால் ஒரு கயிறு நிறையச் சூரையைப் பிளந்து காயப்போட்டிருந்தார். புயலுக்குப் பிறகு ஊரே பட்டினி கிடந்தபோது அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் அதைத்தான் எடுத்துக் கொடுத்தாள். கடைசியாக இந்த ஒன்று நின்றது. அதை மட்டும் அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை, சமைக்கவும் இல்லை. அடுப்பு ஊதும்போது சும்மா ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள்.

"அம்மா, அந்தக் கருவாட்டை எடுத்துக்கட்டுமா?"

அம்மா சட்டென்று திரும்பினாள்.

"எதுக்கு? அதைத் தொடாதே, ரெமி."

ரெமி நொனோய் சொன்னதையும், கருவாட்டை ஊறவைத்து அதில் புழு தேடப்போவதையும் சொன்னாள். பாதியிலேயே அம்மா தன் சட்டையின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் புள்ள காதுல இதையா போட்டாங்க!" என்றாள். பிறகு கருவாட்டை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். "ஊறப்போட்டா திரும்பக் காய வைக்க முடியாதுடி."

"தெரியும்மா."

"அதுல புழு இல்லன்னா?"

ரெமிக்கும் அந்தப் பயம்தான். புழு இல்லாவிட்டால் ஊர் சொன்னதே சரி என்று தம்பி நம்பிவிடுவான். அப்பாவின் கருவாடும் போய்விடும். ஆனாலும் தம்பியின் முழங்கை எலும்பு அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, தானே கயிற்றை அவிழ்த்தாள்.

முதலில் தனியாகப் பார்த்துவிடலாமா என்று ரெமிக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால், 'நீயே புழுவை உள்ள வச்சிருப்பே' என்பான் தம்பி. அதனால் அவனையே கூப்பிட்டாள்.

"நொனோய், இது யார் போட்ட கருவாடு, பார்த்துச் சொல்லு."

நொனோய் தள்ளி நின்றே பார்த்தான். பிறகு கிட்டே வந்து நடுமுள்ளைத் தடவினான். ஊரில் மற்றவர்கள் மீனைப் பிளந்தால் முள் ஒரு பக்கம் நிற்கும். பெனிதோவுக்கு இடக்கைப் பழக்கம். அவர் பிளந்தால் முள் அடுத்த பக்கம் நிற்கும்.

"முள்ளு இந்தப் பக்கம் இருக்கு. அப்பாதான் வெட்டுனாரு," என்றான்.

இருவரும் அதை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். பூனை வந்து வாளியைச் சுற்றியது. நொனோய் அதை விரட்டிவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தான். கருவாடு இளகியதும் ரெமி வயிற்றுப் பக்கத்துச் சதையை மெல்லச் சீவி, யோலி செய்தது போலவே வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.

ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு துண்டு சீவினாள். அதிலும் ஒன்றுமில்லை. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க!" என்றான் நொனோய்.

அடுத்த துண்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு சுருள் நிழல். ரெமி ஒரு ஊக்கைக் கொடுத்தாள். நொனோய் நாக்கைக் கடித்துக்கொண்டு, கவனமாகக் கீறி அதை வெளியே எடுத்தான். உப்பில் காய்ந்து, தட்டையாகி, மஞ்சளாகி இருந்தது. ஆனால் அதே கொசுவத்திச் சுருள்தான்.

நொனோய் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த மீனை வெட்டும்போது அப்பா இங்கதானே இருந்தாரு?"

"இங்கதான் இருந்தாரு. கத்தியைத் தீட்டிக்கிட்டே பாட்டுப் பாடுனாரே."

"அப்ப இந்தப் புழு அப்பாகிட்டேர்ந்து வரல."

"வரலடா."

"அந்த மீனுங்க அப்பாவை ஒண்ணும் பண்ணல."

"புழு இருக்கறதால மீனு அப்பாவைத் தின்னுச்சுன்னு சொல்ல முடியாதுடா. புழு டால்பின்கிட்டேர்ந்து வந்தது."

நொனோய் தலையாட்டினான். சந்தோஷப்படுவான் என்று ரெமி நினைத்தாள். அவன் உதடு துடித்தது.

"அப்ப அப்பா எங்கக்கா?"

ரெமி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரியலடா," என்றாள்.

நொனோய் அழுதான். அப்பா வராமல் போனதிலிருந்து அவன் அழுததே இல்லை. இப்போது மூச்சு வாங்க வாங்க, அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அம்மா இறங்கி வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மூவரும் வாளிக்குப் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பூனை ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. யாரும் அதைத் துரத்தவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பசிங் எப்போது வந்து நின்றாளோ தெரியாது. உள்ளே வந்து அந்தப் புழுவைப் பார்த்தாள். நடுமுள் எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் பார்த்தாள்.

"பெனிதோ கை வெட்டுதான்," என்றாள். லிதாவின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. "இந்த வாயை வச்சுக்கிட்டு நான்..." என்று இழுத்தவள், நொனோயின் தலையைத் தடவிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. பெனிதோவின் கருவாட்டில் புழு இருந்த செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் பரவியது. சந்தைக்குப் போனபோது அந்தப் புழு முழ நீளம் ஆகியிருந்தது. இந்த ஒரு தடவை எங்கள் ஊர் வாயால் நல்லது நடந்தது என்று விட்டுவிடுவோம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா அந்தக் கருவாட்டை நன்றாக முறுகலாகப் பொரித்தாள். வீடெல்லாம் வாசனை. மூன்று தட்டிலும் பங்கு வைத்தாள்.

நொனோய் தட்டைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, மெதுவாக மென்றான்.

"உப்புக் கரிக்குதும்மா," என்றான்.

"அவ்வளவு நேரம் ஊறியுமா?" அம்மாவும் ஒரு வாய் வைத்தாள். "கரிக்கத்தான் செய்யுது. உங்கப்பா உப்புப் போட்டா கடலையே அள்ளிக் கொட்டுவாரு. நானும் எத்தனை தடவை சொல்லிட்டேன்..."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. ரெமி தண்ணீர்க் குவளையை நகர்த்தினாள்.

"தண்ணி வேணாம். சோறு போடு," என்றான் நொனோய்.

அம்மா போட்டாள். அவன் முள்ளைக்கூட விடாமல் சப்பிச் சப்பித் தின்றான். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. விரலை நக்கிக்கொண்டே நிமிர்ந்தான்.

"அம்மா, நாளைக்கு என்ன மீனு?"