மழைக்கு இருமும் லாரி

டப்... டப்... டமார்!

மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் ராகேலின் குடை கைநழுவிச் சேற்றில் விழுந்தது. விருட்டென்று திரும்பினாள். வைகாசியை ஒட்டிய இடவ மாதத்து மழையில் ஒரு பழைய லாரி மூச்சு முட்டி நின்றுகொண்டிருந்தது. பானெட்டைத் திறந்தவனின் இமைகளில் மழைத்துளிகள்... அவற்றுக்குப் பின்னால் இரண்டு கண்கள். சண்டைக்கு வந்தவளுக்குப் பாதிக் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது.

"மனுஷரைப் பயங்காட்டவா வண்டி ஓட்டுதீங்க?"

"நானா பயங்காட்டுதேன்? இதுதான் இருமுது! மூணு மேஸ்திரி பாத்தாச்சு. அவனுவ பாக்கும்போ நல்ல பிள்ளையாட்டு ஓடுது."

இருமுதாம்! ராகேல் சிரிப்பை அடக்கினாள். டாக்டரிடம் போகுமுன் நோயாளிகளிடம் நோயைக் கேட்டு எழுதுவதுதான் நர்ஸான அவள் வேலை.

"எப்போ தொடங்கின இருமல்?"

"இந்த இடவ மழை தொடங்கின பொறவு."

"வெயிலடிச்சா?"

"சத்தமே கிடையாது."

"இப்படி நின்னா?"

"எஞ்சின் சூட்டில கொஞ்சத்தில சரியாயிரும்..." அவன் நிமிர்ந்தான். "நீங்க லாரிக்கும் நர்ஸா?"

"நனைஞ்சா வருது, காஞ்சா போவுது. உள்ளே என்னமோ நனையுது. நவுருங்க, பாப்போம்."

எட்டிப் பார்த்தாள். பிளக்குகளுக்குப் போகும் வயர்களோடு சேர்த்து ஒரு குருத்தோலைச் சிலுவை கட்டியிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து, எஞ்சின் இரும்பைத் தொட்டபடி...

"இதுதான் நனையுது. எடுத்து எறியுங்க."

அவன் முகம் கறுத்தது. "எறியவா? குருத்து ஞாயிறுக்குக் கோயில்ல மந்திரிச்ச ஓலையை எறியப்பிடாது. சாம்பல் புதனுக்குத்தான் எரிப்போம். மிஷன்காரங்களுக்கு எங்க கத்தோலிக்க வேதம்னா கேலிதான், இல்லியா?"

எஞ்சின் உறுமியது. லாரி போய்விட்டது.

ராகேலை அந்த ஒரு சொல்லே குத்திக்கொண்டிருந்தது. ஏன் 'எறியுங்க' என்றேன்?

"யாரு, அந்த லாரிக்காரன் சிலுவைதாசனா?" என்றாள் ஆயா பூங்கனி. "இனி ஒருக்கா வழியில நின்னா வண்டியைப் பழைய இரும்புக்குக் குடுத்திருவேன்னு மொதலாளி ராஜையன் சொல்லிட்டாராம். வேலை போனா அவன் கொழும்புக்குக் கப்பலேறப் போறானாம்."

கொழும்பா? ராகேலின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

மறுநாள் மெழுகுத்துணியில் ஒரு சின்ன உறை தைத்தாள். கூடவே ஒரு சீட்டு: 'எறிய வேண்டாம். இதற்குள் வைத்து, வயரைவிட்டுத் தள்ளி, உங்கள் கண்ணெதிரே தொங்கவிடவும். அப்படிச் சொன்னதற்கு மன்னிக்கவும். இப்படிக்கு, ராகேல்.' சந்தைக்குப் போன பூங்கனி அதைச் சிலுவைதாசனிடம் கொடுத்தாள்.

எட்டு நாளும் மழை. லாரி வரவில்லை. கப்பலேறிவிட்டானோ...

ஒன்பதாம் நாள், கொட்டுகிற மழையில், வாசலில் அதே லாரி நின்றது. ராகேல் குடையில்லாமல் ஓடினாள்.

"ஐயோ, திரும்பவும் இருமலா?"

"இல்ல." ஸ்டியரிங்குக்கு மேலே மெழுகுத்துணி உறை ஆடிக்கொண்டிருந்தது. "தோல் வெடிச்ச வயரில இருந்து பொறி அந்த ஈர ஓலை வழியா ஒழுகிப்போயிருக்கு. ஓலையை எடுத்து, வயரையும் மாத்தினேன். எட்டு நாளும் மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்குமா ஓட்டம்... ஒரு தும்மல்கூட இல்ல. மொதலாளிக்குச் சந்தோஷம்."

"பின்னே ஏன் நின்னுச்சு?"

அவன் பார்வை தாழ்ந்தது. காதுகள் சிவந்தன.

"அது நிக்கல்ல ராகேலே... நான்தான் நிறுத்தினேன்."

மழை அவள் கன்னத்தில் வழிந்தது. அவளுக்கு அது உறைக்கவேயில்லை.

"கொழும்பு?"

"இந்த வாசலையே தாண்ட முடியல்ல. கடலை எங்கே தாண்ட? கத்தோலிக்கனுக்கு உன்னைக் குடுக்க உங்க வீட்டில ஒத்துக்கிடுவாங்களா?"

"நான் கேட்டுக்கிடுதேன். கேக்குததுதானே என் வேலை?" அவள் மெல்லச் சிரித்தாள். "அடுத்த குருத்து ஞாயிறுக்கு ஓலையை... நானே கெட்டித் தரட்டா?"

"எங்கே கெட்டுவே?"

"வயரில இல்ல!"