கடைசி வரிக்கு முன்னால்

கொட்டாஞ்சேனை மண்டபத்தில் நான் போய் இறங்கியபோது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. மழை வரப் பார்த்தது, வரவில்லை. உள்ளே வௌவால் எச்சமும் புதுப் பெயின்டும் கலந்த வாடை. கூரையில் பன்னிரண்டு மின்விசிறிகள், பன்னிரண்டும் பன்னிரண்டு விதமாகக் கத்தின. லைவ் அல்பம் பதிவு செய்ய இதைவிட மோசமான இடம் கொழும்பில் தேடினாலும் கிடைக்காது.

"அன்ரி இங்கதான் பாடுவாவாம், நிம்றா. நான் என்ன செய்ய?" என்றான் அல்பத்தைத் தயாரிக்கிற ஜொனாதன்.

அன்ரி என்றால் பாடகி பிறிஜெற் நேசம். ஜொனாதனின் பெரியம்மா. அறுபத்தொன்பது வயது. அவருடைய 'கரை விளக்கு' பாட்டைக் கேட்காத கலியாண வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. தொண்டையில் கட்டி. வருகிற வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன். அதற்குப் பிறகு குரல் இருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால் இதுதான் கடைசிக் கச்சேரி. வியாழக்கிழமைக்குள் நான் அல்பத்தை முடிக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவர் ஒருமுறை கேட்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

கச்சேரி தொடங்குமுன் அன்ரி மேடையிலிருந்து இறங்கி வந்து, முன்வரிசை முதல் கதிரையில் ஒரு மடித்த கைலேஞ்சியை, ஆண்கள் வைத்திருக்கிற கைக்குட்டையை, வைத்தார். அவருடைய கணவர் ஹியூபேட் வழக்கமாக உட்காரும் இடமாம். அவர் காலமாகிப் பதினொரு மாதம்.

கடைசிப் பாட்டு 'கரை விளக்கு'. துறைமுகத்துக்குப் போன மனுசனுக்காக விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. 'விளக்கணைத்து வாறேன்' என்ற கடைசி வரியை அன்ரி இழுத்துப் பாடியபோது என் கண் கலங்கியது. பதினேழு வருடமாக இந்த வேலை செய்கிறேன். அப்படி ஒரு வரி என் மைக்கில் விழுந்ததில்லை.

திங்கட்கிழமை வெள்ளவத்தையில் என் ஸ்டூடியோவில் உட்கார்ந்தேன். கடற்கரை றெயில்பாதைக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு அறை. ஒவ்வொரு றெயிலுக்கும் கண்ணாடி நடுங்கும், அதனால் சுவரில் றெயில் நேர அட்டவணை ஒட்டி வைத்திருக்கிறேன். பத்து நாற்பது றெயில் போகட்டும் என்று இருந்து, கடைசிப் பாட்டைப் போட்டேன்.

கடைசி வரி முடிய இன்னும் ஒரு மூச்சு இருந்தது. அதற்குள் யாரோ கைதட்டினார்கள்.

ஒரே ஆள். காய்ந்த, பலமான கைதட்டல். ஒவ்வொரு தட்டிலும் 'டிக்' என்று ஒரு சத்தம். விரலில் மோதிரம் போட்ட ஆள். கண் கலங்கி நின்றதில் அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை போல.

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். பிளேன் நிற்குமுன் எழும்பிப் பெட்டியை இழுக்கிற ஆட்கள் இருக்கிறார்களே, அந்தச் சாதி. ஒருத்தருக்குப் பொறுமை இல்லாததால் என் பதினேழு வருடத்தில் ஒரேயொரு நல்ல வரி நாசம். ஒன்றரை மணித்தியாலம் குந்தியிருந்து அந்தக் கைதட்டலை மட்டும் துடைத்து எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை திறந்தால், அது இருந்தது.

முந்திய இடத்தில் இல்லை. கடைசி வரி தொடங்குகிற இடத்தில்.

நேற்றைய வேலையைச் சேமிக்காமல் போயிருப்பேன் என்று என்னையே ஏசிக்கொண்டு மறுபடி எடுத்தேன். இரண்டு பிரதி வைத்தேன். புதன்கிழமை இரண்டு பிரதியிலும் அது இரண்டாம் சரணத்துக்கு நடுவில் வந்து நின்றது. நாலு தட்டு. சின்ன இடைவெளி. மறுபடி நாலு தட்டு.

முன்னால் போகவில்லை, பின்னோக்கி வருகிறது. நாளுக்கு நாள் பாட்டின் தொடக்கத்தை நோக்கி.

ஜொனாதன் எடுத்த வீடியோவை வாங்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் மண்டபத்தில் ஒரு கையும் அசையவில்லை. முன்வரிசை முதல் கதிரை வெறுமையாக இருந்தது. கைலேஞ்சி நிலத்தில் கிடந்தது.

"றெயிலுக்குப் பக்கத்துல இருந்து மிக்ஸ் பண்ணினா இப்படித்தான்" என்றான் ஜொனாதன் போனில்.

"றெயில் கைதட்டுமா, ஜொனாதன்?"

"எனக்கென்ன தெரியும்? நாளைக்கு அன்ரி வாறா. முடிச்சு வை."

போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல் இருந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அன்ரி கைப்பையைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தார். ஜொனாதன் பின்னால் வந்தான். ஏசி போட்டு மூடியிருந்த அறை. அன்ரி உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"ஆர் இங்க தைலம் பூசினது?"

யாரும் பூசவில்லை. ஆனால் எனக்கும் அப்போதுதான் மணந்தது. முழங்காலுக்குப் பூசுகிற தைலம், அதோடு பழைய சுருட்டு.

பாட்டைப் போட்டேன். அன்ரி கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் வரி முடிந்தது.

டிக். டிக். டிக். டிக்.

அன்ரி கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் தானாகப் போய்க் கைப்பையின் வாரைப் பிடித்தது. பிடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது போல. உடனே விட்டுவிட்டார்.

"நிப்பாட்டு, பிள்ளை" என்று மெல்லச் சொன்னார். "அது ஹியூபேட்."

நான் 'யா அல்லாஹ்' என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"துறைமுகத்தில கணக்கெழுதுற கிளாக்கர் வேலை. விடிய ஆறு மணிக்கு ஷிஃப்ட். நான் எங்க பாடினாலும் முதல் கதிரையில வந்து இருப்பார். பாட்டு முடிய முந்தியே தட்டத் தொடங்கிருவார். அவர் தட்டினா எனக்கு விளங்கும், காணும், பாடினது போதும், கைப்பையை எடு, போவம் எண்டு. நாப்பத்தொரு வருசத்தில ஒரு பாட்டை ஆறுதலா முடிக்க விட்டதில்ல."

"நீங்க சண்டை பிடிக்கலயா?"

"பிடிச்சனான். பிடிச்சா அடுத்த கச்சேரியில இன்னும் முந்தித் தட்டுவார்."

ஜொனாதன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"நாளைக்குக் கழுத்தில கத்தி வைக்கப் போறாங்க" என்றார் அன்ரி. "மனுசனுக்கு அவசரம். கூட்டிக்கொண்டு போக வந்து நிக்கிறார்."

"அன்ரி, ஒங்களுக்குப் போக..." கேட்கத் தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"விசரே, பிள்ளை? கலியாணம் கட்டின நாளில இருந்து இந்தப் பதினொரு மாசமாத்தான் நான் ஒரு இடத்தில இருந்து தேத்தண்ணி குடிக்கிறன். முழுக் கோப்பையும். அவரில கோவமில்ல, நல்ல மனுசன். ஆனா எனக்கு இப்ப போக விருப்பமில்ல." அவர் கைப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "கடைசி வரியை வெட்டு."

"என்னது?"

"முடியப் போற பாட்டுக்குத்தான் அவர் தட்டுவார். முடியாத பாட்டுக்குக் கதிரையில இருந்துகொண்டு இருக்கத்தான் வேணும். வெட்டு. ஒரு இடத்திலயும் இருக்கக் கூடாது."

நான் கெஞ்சினேன். வேறு பாட்டைக் கடைசியில் வைப்போம், அல்பத்தைப் பிந்தி விடுவோம், எதுவும் செய்வோம், அந்த வரியைத் தொட வேண்டாம் என்றேன். அவர் அசையவில்லை. நான் பிடித்த ஒரேயொரு வரியை நானே அழிக்க வேண்டும். எரிச்சலில் அழுகை வந்தது. அழுதுகொண்டே அழித்தேன். பிரதிகளில் அழித்தேன். ஜொனாதன் தன் வீடியோவை அழித்தான். ஞாயிறு பதிவான அந்த வரியில் ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

பிறகு பாட்டைத் தொடக்கத்திலிருந்து போட்டேன். முதல் வரி. ஒன்றுமில்லை. இரண்டாம் சரணம். ஒன்றுமில்லை. கடைசிக்கு முந்திய வரி முடிந்து, பாட்டு அந்தரத்தில் நின்றது.

மௌனம்.

அந்த மௌனத்துக்குள் ஒரு கதிரை கிறீச்சிட்டது. எழும்பி நின்ற ஒருவர் திரும்ப உட்காருகிற சத்தம்.

தைல வாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஒப்பரேஷன் ஐந்து மணித்தியாலம் எடுத்தது. அன்ரி பிழைத்தார். குரல் போய்விட்டது. கிசுகிசுப்பு மட்டும்தான் வரும். "காணும்" என்று அந்தக் கிசுகிசுப்பில் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அல்பம் முதலில் இணையத்தில் வந்தது. ஏச்சும் வந்தது. எல்லாம் எனக்குத்தான். எஞ்சினியர் நித்திரையா என்று ஒருவர், கடைசி வரியை எலி தின்றதா என்று இன்னொருவர். பதில் எழுதி எழுதி அழித்தேன். என்னவென்று சொல்ல?

மூன்று மாதம் கழித்து, ஞாயிறு நாலு மணிக்கு, அதே கொட்டாஞ்சேனை மண்டபத்தில் வெளியீட்டு விழா. வேண்டாம் என்று நான் சொன்னதை ஜொனாதன் கேட்கவில்லை. அன்ரி நேரே போய் முன்வரிசை முதல் கதிரையில் தானே உட்கார்ந்தார். அதற்குப் பக்கத்தில் சுவர்வரை வேறு கதிரை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். மடியில் தேத்தண்ணீர்க் கோப்பை. என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நான் பின்னால் மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்றேன். 'கரை விளக்கு' ஸ்பீக்கரில் போனது. முதல் சரணம், இரண்டாம் சரணம். கைதட்டல் இல்லை. கடைசிக்கு முந்திய வரி முடிந்தது. பாட்டு நின்றது.

நான் எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

அந்த மண்டபத்தில் முந்நூறு பேர். முந்நூறு பேருக்கும் பாட்டு மனப்பாடம்.

எங்கோ பின்வரிசையில் ஒரு பெண் மெல்லத் தொடங்கினாள். "விளக்கணைத்து..." அன்ரியின் குரல் போன கவலையில், அவருக்குப் பதிலாகப் பாடிக் கொடுக்கிற அன்பில், சனம் முழுவதும் சேர்ந்துகொண்டது. நான் "வேணாம், பாட வேணாம்" என்று கத்தினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. கையில் கிடைத்த ஃபேடரையெல்லாம் கீழே இழுத்தேன். சனத்தின் குரலைக் குறைக்க ஃபேடர் ஏது?

அந்த வரியை அவர்கள் அன்ரியைப் போலவே இழுத்தார்கள்.

முடிய இன்னும் ஒரு மூச்சு இருந்தது.

டிக். டிக். டிக். டிக்.

ஸ்பீக்கரில் இல்லை. மண்டபத்தில், முன்னால், கதிரை வைக்காத அந்த இடத்தில்.

சனம் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. பிறிஜெற் அன்ரி பாதித் தேத்தண்ணீரைக் கதிரைக்கடியில் வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.