பன்னிரண்டாவது லேப்டாப்

“அந்த அடாப்டரை எனக்குக் குடுத்துடுங்களேன்... ப்ளீஸ்.”

கடைக்குள் நுழைந்த அவசரத்தில் அவள் குடையைக்கூட மடக்கவில்லை. சின்னக் கறுப்புப் பெட்டியைப் பையில் போடப்போனவன் திரும்பிப் பார்த்தான். அமைதியான கண்கள்... மழை பெய்வதே தெரியாதது போல. அவளுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

“அதுதாம்மா கடைசி. இப்பதான் அவர் வாங்கினார்,” என்றார் கடைக்காரர்.

அவள் நூலகத்தின் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு. மறுநாள் காலை புது வாசிப்பறையைத் திறக்கிறார்கள். பன்னிரண்டு லேப்டாப்கள் வந்திருந்தன. எல்லாம் நோட்டுப்புத்தகம் போல மெலிசு, நெட்வொர்க் கேபிள் செருக இடமே இல்லை. சர்வரில் இருந்துதான் அவற்றைக் கிளப்ப வேண்டும், அதற்கு யூ.எஸ்.பி. அடாப்டர் வேண்டும். அவளிடம் இருந்த புது அடாப்டர்களை லேப்டாப் சீண்டவே இல்லை. கிளம்பும்போதே அது அடையாளம் கண்டுகொள்வது இந்தப் பழைய மாடலைத்தான்.

“நெட்வொர்க் வழியா கிளப்பணுமா?” என்றான் அவன்.

“ஆமா. நாளைக்குள்ள நூலகத்துல பன்னிரண்டு மெஷின்.”

“எங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குத்தான் வாங்கினேன். அது ரெண்டு நாள் பொறுக்கும்... நீங்க எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சதும் இந்தக் கடையிலேயே குடுத்துடுங்க.” பில்லின் பின்னால் போன் நம்பரை எழுதி நீட்டினான். “ஒண்ணு மட்டும்... சர்வர் அடாப்டரோட நம்பரைத்தான் பார்க்கும். ஒரே அடாப்டரை மாத்தி மாத்திப் போட்டா, பன்னிரண்டையும் ஒரே மெஷின்னு நினைச்சுக்கும்.”

“எட்டு வருஷமா இதே வேலைதாங்க பார்க்கறேன்.”

வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நன்றி சொல்லவில்லை என்பது தெருமுனையில்தான் உறைத்தது.

மதியத்துக்குள் பன்னிரண்டு லேப்டாப்களும் கிளம்பின. பன்னிரண்டு திரையிலும் ஒரே பெயர்... ‘வாசகர் 1’. ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பேர் ஒவ்வொருவராக வர, குடையை மட்டும் பார்த்து ஆள் ஒன்று என்று எண்ணிய கதைதான். அவன் சொன்னது அப்படியே பலித்திருந்தது. யாரும் இல்லாத அறையிலும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் வேலை தெரியாதவள் இல்லை. லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து, அந்த நம்பரை வைத்து அடையாளம் கண்டுகொள்ளும்படி சர்வரில் பதிந்து, திரும்பக் கிளப்பினாள். ஒவ்வொன்றாக மாலைக்குள் பதினொன்று முடிந்தது.

பன்னிரண்டாவதைக் கையில் எடுத்தவள்... அப்படியே நின்றாள்.

இதையும் முடித்தால் அடாப்டர் கடைக்குப் போய்விடும். அப்புறம் அவரை எங்கே பார்ப்பது? கூப்பிட்டாலோ, அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வீராப்பா, அந்தக் கண்களா... பில்லை நான்கு முறை மடித்துப் பிரித்துவிட்டு, போனை எடுத்தாள்.

“ஒரு லேப்டாப் மட்டும் தகராறு பண்ணுதுங்க... கொஞ்சம் வர முடியுமா?”

கால் மணி நேரத்தில் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். சர்வரின் பட்டியலை மேலிருந்து கீழே படித்தான். பதினொரு வரி கச்சிதம். கடைசி வரி மட்டும் காலி.

“பதினொண்ணை நீங்களே சரி பண்ணியிருக்கீங்க.”

“ம்.”

“இதுக்கும் நம்பரைப் போட்டா போதும்னு உங்களுக்குத் தெரியும்.”

இனி மழுப்பி என்ன பயன்?

“தெரியும்,” என்றாள். “காலையில நீங்க சொன்னதும் சரிதான், நான்தான் கேக்கல... இதையும் முடிச்சுட்டா உங்களைப் பார்க்கக் காரணமே இருக்காது. அதான் விட்டுவெச்சேன். உங்களைப் பிடிச்சிருக்கு.”

அவன் சிரிக்கவில்லை.

“நான் கடைக்கு மூணு தடவை போன் பண்ணேன். ‘அடாப்டர் இன்னும் வரல தம்பி’ன்னு அவர் சொல்றப்பல்லாம்... நிம்மதியா இருந்துச்சு.”

“நிம்மதியா?”

“வந்துட்டா, அதைக் கேக்கற சாக்குல உங்களைத் தேடி வர முடியாதே.”

அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“நம்பரைப் படிங்க... நான் அடிக்கறேன்.”

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அவனும் அவசரப்படவில்லை. மொத்தம் பத்தே எழுத்துகள். இன்னும் கொஞ்சம் நீளமாக வைத்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.