காணாமல் போன ஒரு அங்குலம்

விஜயதசமி. காலை மணி 7.42.

ராயப்பேட்டையில் நோயலின் மெக்கானிக் ஷெட்டுக்குள் அனந்தராமன் நான்காவது முறையாக இஞ்ச் டேப்பை நீட்டிப் பிடித்தார், தரையிலிருந்து தன் ஜீப்பின் மட்கார்டு விளிம்பு வரைக்கும். நான்காவது முறையும் டேப் அதே பதிலைத்தான் சொன்னது.

"போச்சு! ஒரு இஞ்ச் போச்சு!"

நகை களவு போகும். கோயில் வாசலில் செருப்பு களவு போகும். பூட்டிய ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியின் உயரம் களவு போய் யாராவது கேட்டதுண்டா? அனந்தராமனும் கேட்டதில்லை. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

மாளவிகா அப்போது அடையாற்றில் தன் வீட்டு அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். விபத்தில் அடிபட்ட வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பார்வையிடுவது அவள் வேலை. நசுங்கிய பம்பரைப் பார்த்தே மோதியது மாடா மரமா என்று சொல்லிவிடுவாள். மரம் என்று எழுதிக்கொடுத்த எத்தனையோ பேர் அவள் எதிரில் உட்கார்ந்து மாட்டை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

"மாளு, உடனே கெளம்பி வா. திருட்டு நடந்திருக்கு."

"என்னப்பா போச்சு?"

"உயரம்."

மாளவிகா அடுப்பை அணைத்தாள்.

மணி 8.20.

ஷெட்டில் மூன்று பேர் மூன்று மூலையில் நின்றார்கள். ஜீப்பின் பக்கத்தில் அப்பா. வாசலில், கைகளைப் பிசைந்துகொண்டு, ஷெட்டின் சொந்தக்காரர் நோயல். பட்டறை மேஜையருகே பாஞ்சாலி. பதினைந்து வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவள், வெல்டிங்கிலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் எல்லாம் அவள் கைதான். சுவரில் சாய்த்து வைத்திருந்த புது போர்டு பாதி காகிதத்தில் சுற்றியிருந்தது. வெளியே தெரிந்த மட்டும், 'நோயல் & பாஞ்சாலி' என்று பளபளவென்று இருந்தது. விஜயதசமியன்று அவளைப் பங்குதாரராக்கிக் காலை ஒன்பதரைக்குள் அந்த போர்டை ஏற்றுவதாக ஏற்பாடு.

"நல்ல ஸ்பிரிங்கைக் கழட்டிண்டு ஏதோ சோடையை மாட்டியிருக்கா!" என்று அப்பா பொரிந்தார். "சாவி ரெண்டே பேர்கிட்ட. நோயல் நேத்திக்குப் பூஜை முடிஞ்ச கையோட தாம்பரத்துக்குப் பொண்ணாத்துக்குப் போயிட்டார். அப்போ வேற யாரு? ஒன்பதரைக்குள்ள பதில் வரணும். இல்லேன்னா நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிண்டே இருப்பேன்."

பாஞ்சாலி தலையை நிமிர்த்தவில்லை. நோயலிடம் மட்டும் சொன்னாள்.

"போர்டு வோணாம்ணே. இன்னிக்கு மாட்டாத. திருட்டுப் பட்டத்தோட எம் பேரு மேல ஏற வோணாம்."

நோயலுக்குக் கண் கலங்கிவிட்டது. மாளவிகா போர்டைப் பார்த்தாள். போர்டில் காய்ந்தும் காயாத அந்தப் பெயருக்கு இன்னும் எழுபது நிமிஷம்தான் ஆயுள். பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள்.

"அப்பா, மொதல்லேருந்து சொல்லு. சுருக்கமா."

ரயில்வேயில் முப்பத்தேழு வருஷம் கால அட்டவணை போட்டவர் அனந்தராமன். பல் தேய்த்த நேரம்கூட அவர் போனில் குறித்திருக்கும். அதைப் பார்த்தே படித்தார்.

"வண்டியை ஒசத்தற பழைய லிஃப்ட் கிட். கோடம்பாக்கத்துல ஒருத்தர்கிட்ட வாங்கினது. நாலு ஸ்பிரிங் பட்டை, நாலு ஷாக் அப்சார்பர். ஆயுத பூஜைக்கு மொத நாள், காலம்பற பத்து மணிக்கு மாட்ட ஆரம்பிச்சோம்."

"வித்தவர் எத்தனை இஞ்ச் ஏறும்னு சொன்னார்?"

"ரெண்டு. ஆனா மாட்டி முடிச்சு அளந்தா மூணு! அதிர்ஷ்டம்னேன்."

"கடைசியா போல்ட்டெல்லாம் முறுக்கினது யாரு?"

அப்பாவின் முகம் அந்தக் கோபத்திலும் மலர்ந்தது. "நான்தான்! நோயல் பூஜைக்குப் பொரி, பூ வாங்கப் போயிட்டார். பாஞ்சாலி பிரேக் பைப் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போயிருந்தா. மூணு பத்துக்கு ஆரம்பிச்சு நாலுக்கு முடிச்சேன். பன்னெண்டு போல்ட்டும் என் கையால. போட்டோ அனுப்பினேனே, பாக்கலையா?"

பார்க்காமல் என்ன? ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்து, கறுப்புக் கிரீஸ் மீசையோடு அப்பா சிரிக்கும் படம். குடும்ப குரூப்பில் அத்தனை பேரும் இதயம் போட்டார்கள். அதில் பாதி இதயம் அப்பாவுக்கு இல்லை, பின்சக்கரத்துக்கு அடியில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த செம்பட்டைப் பூனைக்கு. அம்மா ஜெயலக்ஷ்மி, 'பூனை சமத்து' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"அப்புறம்?"

"நாலு பன்னெண்டுக்கு பாஞ்சாலி வந்தா, ஜாக்கியை எறக்கினா. நாலரைக்கு நான் அளந்தேன். அன்னிக்கு ராத்திரியும் நேத்திக்கும் வண்டி இங்கயேதான். நேத்திக்குப் பத்து மணிக்கு ஆயுத பூஜை, அப்போ வந்தேன், உயரம் சரியா இருந்தது. இன்னிக்குக் காலம்பற ரெண்டு!"

மணி 8.38.

மாளவிகா முதலில் டயர்களின் காற்றைப் பார்த்தாள். நான்கிலும் சரியாக இருந்தது. பிறகு சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் புகுந்தாள். கிட் வாங்கிய அன்று ஒவ்வொரு பட்டையையும் அவளே படம் எடுத்து வைத்திருந்தாள், தொழில் புத்தி. பட்டையில் பொறித்த எண்ணைச் சரிபார்த்தாள். பழைய கீறல்களைச் சரிபார்த்தாள். நான்கும் அதே பட்டைகள்தான்.

"அப்பா, ஒண்ணும் மாறலை. இது நீ வாங்கின ஸ்பிரிங்கேதான்."

"அப்போ உயரம் எங்கடி போச்சு?"

நியாயமான கேள்வி. மாளவிகா போல்ட் தலைகளில் டார்ச் அடித்தாள். பன்னிரண்டிலும் லேசாக வெள்ளை பூசியிருந்தது.

"இது என்ன?"

"திருநீறுடி," என்றார் அப்பா. "நேத்திக்குப் பூஜை ஆச்சே."

மாளவிகா வெளியே வந்து பூஜைப் பலகையைப் பார்த்தாள். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. ஒரு பொட்டுகூடக் கலையவில்லை. சாமந்திப் பூக்கள் வைத்த இடத்திலேயே வாடிக் கிடந்தன.

"நோயல் சார், நேத்து இதையெல்லாம் யாராவது எடுத்தாங்களா?"

"யம்மா, நான் சர்ச்சுக்குப் போற ஆளு," என்றார் நோயல். "ஆனா இந்தப் பூஜை பாஞ்சாலி வெச்சதுதான் சட்டம். வெச்சா மறுநாள் காலைல அவ கற்பூரம் காட்டற வரிக்கும் ஒரு ஸ்குரூ டிரைவரக்கூடத் தொட முடியாது. நானே தொட்டாலும் கைமேல அடிப்பா."

"திருநீறு வெச்சீங்களா?"

"இல்லியே. சந்தனம், குங்குமம். அவ்ளோதான்."

மாளவிகா விரல் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தேய்த்துப் பார்த்தாள். திருநீறு மாதிரி சொரசொரவென்று இல்லை, வழுக்கியது. மோந்தாள். புது சைக்கிள் டியூபின் வாசனை வந்தது. அதுவும் தவிர, பொட்டு வைக்கிறவர்கள் பானெட்டில் வைப்பார்கள். தரையில் படுத்து, யார் கண்ணுக்கும் தெரியாத பன்னிரண்டு போல்ட்டுக்குப் பூசுகிற பக்தரை அவள் பார்த்ததில்லை.

"பாஞ்சாலி, நேத்து மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"இங்கதான் மேடம்."

"வண்டிக்கு அடியில போனீங்களா?"

பாஞ்சாலி வாயைத் திறந்தாள். ஒருதரம் அப்பாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"நான் எத்தயும் திருடல மேடம். அவ்ளோதான் சொல்லுவேன்."

பொய் சொல்கிறவர்களை மாளவிகாவுக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் நிறையப் பேசுவார்கள். இவள் எதையோ பொத்திப் பாதுகாக்கிறாள். தன்னை அல்ல, வேறு யாரையோ.

மணி 8.57.

ஷெட்டுக்கு அடுத்தது அமீனா பீயின் பஞ்சர் கடை. அமீனா பீ ஒரு டியூபை மடியில் போட்டு, டப்பாவிலிருந்து வெள்ளைப் பவுடரை அள்ளித் தூவிக்கொண்டிருந்தார். அந்த டப்பாவிலேயே நாலைந்து ஸ்பேனர்கள் முகமெல்லாம் மாவு அப்பிக் கிடந்தன. மாளவிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, நேத்து பாஞ்சாலி உங்ககிட்ட ஸ்பேனர் வாங்கினாங்களா?"

"ஆமா கண்ணு. மூணு மணிக்கா வந்துச்சு. இன்னாடி, உங்க ஷெட்டுல இல்லாத ஸ்பேனரான்னு கேட்டேன். சாமியாண்ட கீதுக்கா, தொடக் கூடாதுன்னுச்சு. ரெண்டு எடுத்துகினு போச்சு, நாலு மணிக்குக் குட்துச்சு." அமீனா பீ கண்ணைச் சுருக்கினார். "அங்க இன்னா சத்தம் காலைலேருந்து? அந்தப் பொண்ணு தங்கம், தெரியும்ல? எவனாச்சும் எதுனா சொன்னான்னு வெச்சுக்கோ, நான் வந்து பேசுவேன்."

"நீங்க வர வேண்டாம்க்கா. நானே பேசறேன்."

மாளவிகா நடைபாதையிலேயே நின்று, போனை எடுத்து அப்பாவின் படத்தைப் பெரிதாக்கினாள். அப்பாவின் சிரிப்பைத் தாண்டி, ஸ்பேனரைத் தாண்டிப் பின்சக்கரத்துக்குப் போனாள். பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அட ராமா," என்றாள்.

மணி 9.10.

"அப்பா, யாரும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம். யாருன்னு தெரிஞ்சுடுத்து."

அப்பா நிமிர்ந்தார். பாஞ்சாலி பதறிப்போய் முன்னால் வந்தாள். "மேடம், வுட்ருங்க. நான்தான் மாத்தினேன்னே வெச்சுக்குங்க. வோணாம் மேடம்."

"இல்ல பாஞ்சாலி. உங்க பேரு அந்த போர்டுல ஏறணும்." மாளவிகா போனை அப்பாவிடம் நீட்டினாள். "இந்தப் பூனை எங்க தூங்கறது?"

"டயருக்கு அடியில."

"டயருக்கும் தரைக்கும் நடுவுல. அப்போ சக்கரம்?"

"தொங்கிண்டிருக்கு. வண்டி ஸ்டாண்டு மேலதானே நின்னது."

"அங்கதான்பா விஷயம். ஸ்பிரிங் பட்டையோட முனையில, போல்ட்டைச் சுத்தி ரப்பர் வளையம் இருக்கு, புஷ்னு பேரு. வண்டியைத் தரையில எறக்கி, முழு வெயிட்டும் உக்காந்தப்புறம்தான் அந்த போல்ட்டை முறுக்கணும். நீ தொங்கும்போதே முறுக்கிட்டே. ரப்பர் அந்த நெலையிலயே இறுகிடுத்து. கீழ எறக்கினா வண்டியால முழுசா உக்கார முடியலை, முறுக்கிண்ட ரப்பர் அதைத் தூக்கிப் பிடிச்சிண்டிருந்தது. உன்னோட அதிர்ஷ்ட இஞ்ச் அதுதான். வித்தவர் ரெண்டுன்னுதானே சொன்னார்?"

அப்பாவின் கண் இஞ்ச் டேப்புக்குப் போனது.

"அப்படியே என்னிக்காவது அம்மாவை ஏத்திண்டு மலைப்பாதைல போயிருந்தா ரப்பர் கிழிஞ்சு வண்டி ஆட்டம் கண்டிருக்கும். நேத்து மூணு மணிக்கு பாஞ்சாலி அடியில படுத்து, பன்னெண்டு போல்ட்டையும் தளர்த்தி, வண்டியை உக்கார வெச்சு, மறுபடி முறுக்கியிருக்கா. பூஜையில வெச்ச ஸ்பேனரைத் தொடக் கூடாதுன்னு அமீனா பீ கடைல வாங்கிண்டு வந்து. நீ திருநீறுன்னு சொன்னியே, அது பஞ்சர் கடைப் பவுடர். இன்னிக்குக் காலம்பற நீ வண்டியை எடுக்க வந்துடுவேன்னுதான் நாளைக்குன்னு தள்ளிப்போடாம நேத்தே பண்ணியிருக்கா." மாளவிகா மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒரு இஞ்சும் களவு போகலைப்பா. இல்லாத ஒரு இஞ்சை வண்டியில சேர்த்தது நீதான்."

அனந்தராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவுமில்லை, மறுபடி போடவுமில்லை.

"ஏம்மா, என்கிட்ட சொல்லியிருக்கலாமே? இத்தனை கத்தினேனே, அப்பவாவது?"

பாஞ்சாலி கைத்துணியை முறுக்கினாள். "நான் வரசொல்லோ எல்லாம் முட்ச்சிட்டு நின்னீங்க சார். 'பாஞ்சாலி, இந்தக் கை பேனா தவிர ஒண்ணும் புட்ச்சதில்ல, இன்னிக்கு ஒரு ஜீப்பையே நிமித்திட்டேன்'னீங்க. கண்ணுல தண்ணி. அப்டியே கொயந்த மாதிரி இருந்தீங்க. அத்த பாத்துட்டு, தப்பா மாட்டிட்டீங்கன்னு எப்டி சார் சொல்றது? சத்தமில்லாம சரி பண்ணிட்லாம்னு நெனச்சேன். நீங்க திரும்ப அளப்பீங்கன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

"அளக்காம இருப்பாரா?" என்றார் நோயல். "டீ கிளாஸையே அளக்கற மனுசன்."

யாரோ முதலில் சிரிக்க வேண்டியிருந்தது. பாஞ்சாலிதான் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அனந்தராமன் சிரிக்கவில்லை. அவளுக்கு நேரே வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். "திருடின்னு சொல்லிட்டேம்மா. உன்னைப் போய். என்னை மன்னிச்சுடு."

"ஐயோ சார், கைய எறக்குங்க. பெரியவங்க."

"பெரியவனா இருந்தா இப்படியா பேசுவேன்?" மாளவிகா அப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இந்த மனுஷரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது, என்ன செய்தாலும் இவரைப் பிடித்துத் தொலைக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது.

மணி 9.22.

"நல்ல நேரம் போவுது," என்றார் நோயல். பாஞ்சாலி பலகைக்கு முன்னால் போய்க் கற்பூரம் காட்டினாள். மணி அடித்தாள்.

அனந்தராமன் தயங்கித் தயங்கி போர்டைப் பார்த்தார். பிறகு பாஞ்சாலியைப் பார்த்தார்.

"இந்த போர்டை... நான் மாட்டட்டுமா? என் கையால?"

மாளவிகா 'வேண்டாம்பா' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாஞ்சாலி பலகையிலிருந்து அந்த வருஷத்தின் முதல் ஸ்பேனரை, பொட்டு கலையாமல், எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மாட்டுங்க சார். ஆனா மொதல்ல போல்ட்ட சும்மா கோத்து வுடுங்க. போர்டு தன் வெயிட்டுல உக்காரட்டும். அப்பால முறுக்குங்க."

நோயலும் மாளவிகாவும் போர்டைத் தூக்கிப் பிடித்தார்கள். அமீனா பீ கடையை விட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். அனந்தராமன் மேலே ஏறி நான்கு போல்ட்டையும் கோத்தார். எல்லோரையும் கை எடுக்கச் சொன்னார். தானும் எடுத்துவிட்டுக் காத்திருந்தார். போர்டு மெல்ல அரை விரல் கீழே இறங்கி, நேராக நின்றது.

அந்த அரை விரலை அவர் அளக்கவில்லை. ஸ்பேனரை வைத்து முறுக்க ஆரம்பித்தார்.