அஞ்சைத் தொடாம விடமாட்டேன்

பால்கனியில் தொங்கிய வெப்பமானி மைனஸ் பதினெட்டு என்றது. கம்ப்யூட்டர் திரையில் பிராசஸர் மைனஸ் இருபத்தாறு என்றது. குபாத் கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டையும் மறுபடி பார்த்தான். ஃபேன் எவ்வளவு ஊதினாலும் வெளிக்காற்றின் குளிருக்குக் கீழே ஒரு சாமானை இறக்க முடியாது. அதுவும் சோதனை ஓட்டத்தில் மாங்கு மாங்கென்று உழைக்கிற பிராசஸர், சுடத்தான் வேண்டும்.

"சென்சார் பொய் சொல்லுது," என்று முணுமுணுத்தான்.

கல்யாணத்தோடு விட்டுப்போன பைத்தியம் இது. அந்தக் காலத்தில் பிஷ்கேக் பையன்கள் குளிர்காலம் வந்தால் கம்ப்யூட்டரைப் பால்கனிக்குத் தூக்கிப் போவார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, ஓசிக் குளிரில் பிராசஸரின் வேகத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். இருப்பதிலேயே மலிவான பிராசஸரை வாங்கி அதையே மறுபடி ஆரம்பித்திருந்தான். மனைவியின் தம்பி அஸாத் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "அந்த டப்பாவா மச்சான் அஞ்சு கிகாஹெர்ட்ஸ் போகும்? பேசாம வெந்நீர்ல காலை வச்சுட்டு உக்காருங்க!"

அந்தச் சிரிப்பு இன்னும் காதைக் குடைந்தது.

வேகத்தை நாலரை கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, கீழ்த்தெருவின் நிலக்கரிப் புகை நெடி திறந்த ஜன்னல் வழியே ஏறி வந்தது, ஃபேனின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ மெல்ல இழுத்து மெல்ல விடுவதுபோல், அவன் உற்றுக் கேட்டதும் அடங்கியது. விரல் நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

மனைவி நுர்ஸாத் வந்தாள். அவன் கழுத்தைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, என்னங்க இப்படி ஜில்லுனு இருக்கீங்க! நீங்க ஏத்த ஏத்த உங்க சூடு இறங்குதுங்க. அணைச்சுத் தொலைங்க அதை!"

சோதித்துப் பார்க்க வேகத்தைக் குறைத்தான். விரலில் ரத்தம் ஓடியது. ஏற்றினான். மறுபடி நீலம்.

பயந்துதான் போனான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஒரு டப்பாவுக்கா பணிவது?

"என் சூடுதானே வேணும்? தின்னட்டும். அஞ்சைத் தொடாம விடமாட்டேன்."

"சொன்னா கேக்கற ஜென்மமா நீங்க!" அழுதுகொண்டே ஓடியவள் வாணலியில் ஜூனிப்பர் தழையைக் கொளுத்தி எடுத்து வந்தாள். எந்தக் கெட்டதும் அண்டாமலிருக்க வீட்டைச் சுற்றிக் காட்டுகிற புகை. அவன் தலையைச் சுற்றினாள். "அலாஸ்... அலாஸ்..." என்று கெட்டதை விரட்டும் மந்திரத்தை முணுமுணுத்தாள்.

நாலே முக்கால். கால் மரத்தது.

நாலே முக்காலுக்கும் மேலே. உதடு மரத்தது.

ஃபேன் நின்றது. கம்ப்யூட்டர் பெட்டி நிற்கவில்லை.

அஞ்சு.

"பார்த்தியாடி!" என்று கத்தினான்.

நுர்ஸாத் அவனைப் பார்க்கவில்லை. அவள் வாயிலிருந்து குளிரில் வெள்ளை வெள்ளையாக மூச்சு வந்தது. அவன் வாயருகே ஒன்றுமில்லை. மூக்கருகே ஜூனிப்பர் புகை ஆடாமல் அசையாமல் நின்றது. பிறகு மெதுவாக வளைந்து, கீழே, பெட்டியின் சல்லடைக்குள் இழுபட்டுப் போனது.

கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தது.

சல்லடை வழியே வெள்ளையாக, சூடாக, ஒரு மூச்சு வெளியே வந்தது. அதோடு அவன் குரலும்.

"பார்த்தியாடி!"