வலப்பக்கத்துக்காரி

மலையடிவாரத்து வித்துராவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கௌசல்யாவுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. ஆட்டோக்காரன் வேறு, மழையில் மேடு ஏறாது என்று பாதி வழியில் இறக்கிவிட்டான். இடது கையில் குடை. வலது கையோ தூக்க வராது. பையைப் பல்லால் கடிக்காத குறையாக மேடேறினாள்.

தோள்பட்டை இறுகி மூன்று மாதமாகிறது. நகரத்துச் சாலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை. மேல்தட்டிலிருந்து சேலையை எட்டி எடுக்காத கைக்கு அங்கே சோறு கிடையாது. "திங்கக்கெழம வரும்போ கை மேல போகணும். இல்லேன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். இன்றைக்குச் சனிக்கிழமை. ஊசி, மாத்திரை, ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசி நம்பிக்கை, எண்ணெய் தேய்த்து உடம்பை நீவிவிடும் இந்த உழிச்சல் வீடுதான்.

பழைய ஓட்டு வீடு. வைத்தியர் வெளியே போயிருந்தார். கரண்டும் இல்லை. இரண்டு மணி நேரம் மர பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் பூத்த பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் ஷிஜா என்றாள்.

"வாங்க சேச்சி. இன்னைக்கு நான் மட்டுந்தான் கேட்டோ. கூட நிக்க ஆளில்ல."

கௌசல்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. உழிச்சலுக்கு இரண்டு பேர் வேண்டும். எண்ணெய்த் தோணி என்கிற அந்த மரக்கட்டிலின் இருபுறமும் நின்று, ஆளுக்குப் பாதி உடம்பாக, ஒரே தாளத்தில் தேய்ப்பார்கள். ஒருத்தி பக்கத்தில் மற்றவள் கை வைக்கமாட்டாள்.

"அப்போ வலது பக்கம் மட்டும் பாத்து விடுங்க. எனக்கு அதுதானே வலிக்கி."

"எனக்கு இடதுதான் பழக்கம். அத முடிச்சிட்டு வலத்தயும் நோக்காம்."

முடவனுக்கு நல்ல காலில் கட்டுப் போடுகிற வைத்தியம் என்று மனதுக்குள் திட்டினாள். ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தவள் திரும்பிப் போக முடியுமா? துணியை மாற்றிக்கொண்டு தோணியில் குப்புறப் படுத்தாள்.

எண்ணெய் பட்ட உடம்பில் காற்று படக்கூடாது என்று ஷிஜா சன்னல்களைச் சாத்தினாள். பகல் மூன்று மணிக்கே அறை இருண்டது. மூலையில் ஒரு விளக்கு. காய்ச்சிய தைலத்தின் கசப்பு மணம் தொண்டை வரைக்கும் இறங்கியது. ஓட்டின் மேல் மழை விடாமல் பெய்தது.

இடது பக்கம் சூடான கைகள் ஓடத் தொடங்கின. தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து குதிகால், மறுபடி தோள்.

கொஞ்ச நேரத்தில் வலது பக்கமும்.

அதே தாளம், அதே அழுத்தம். அப்பாடா, ஆள் வந்துவிட்டாள் என்று கௌசல்யா கண்ணை மூடினாள். அந்தக் கைகள் மட்டும் சில்லென்றிருந்தன. அவற்றின் கட்டைவிரல் தோள்பட்டையின் இடுக்கில் இறங்கி, மூன்று மாதத்து முடிச்சைத் தேடிப் பிடித்து நெருடியது. வலியில் உயிர் போனது. பிறகு சுகமாக இருந்தது.

"வலது ஆளு எப்போ வந்தாவ?" என்று மரத்தில் முகம் பதித்தபடி கேட்டாள்.

ஷிஜாவின் கைகள் நின்றன.

வலது பக்கத்துக் கைகள் நிற்கவில்லை.

"தல தூக்கண்டா, சேச்சி." ஷிஜாவின் குரல் கிசுகிசுத்தது. "அது பிரேமா சேச்சி. எட்டு வருஷம் என்கூட வலத்துல நின்னவ. போன கர்க்கடக மாசம், உங்க ஆடி, மரிச்சுப் போயி."

கௌசல்யா இடது கையால் தோணியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உபத்ரவம் ஒண்ணும் செய்யாது. ஏழு நாள் உழிச்சல பாதில விட்டா மட்டும் அவளுக்குப் பொறுக்காது."

கைகள் ஓய்ந்ததும், குளித்தாளோ இல்லையோ, சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். வீடு திரும்பும் பஸ் வளைவில் சாய்ந்தபோது விழாமல் இருக்க மேல் கம்பியைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் கவனித்தாள். வலது கை. வழி நெடுக அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். பயமும் சந்தோஷமும் சேர்ந்த அழுகை அது.

அந்தச் சந்தோஷம் ஒரு ராத்திரிக்குக்கூடத் தாங்கவில்லை. ஞாயிறு காலையில் கை பழையபடி இறுகி, சீப்பைக் காதுக்கு மேல் கொண்டுபோக முடியாமல் நின்றது. உழிச்சல் வீட்டுக்குப் போன் போட்டால் எடுப்பாரில்லை. ஒன்பது முறை போட்டாள். ஏழு நாள் லீவுக்கு எங்கே போவது? நாளைக்குத் திங்கட்கிழமை. கணவன் தங்கையனோ ஓட்டல் வேலைக்குப் போய்விட்டான், ஆரியசாலையில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் அவள் மட்டும்தான். மத்தியானம் வரை சுவரைப் பார்த்துப் பொருமினாள். பிறகு பயத்தை விட ஆத்திரம் பெரிதாகிவிட்டது.

கதவைத் தாழிட்டாள். சன்னலைச் சாத்தினாள். பாயை இடது பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வலது பக்கம் ஒருவர் நிற்க இடம் விட்டுக் குப்புறப் படுத்தாள்.

"பிரேமா, பாதில விடமாட்டீளாமே. நாளைக்கு எனக்கு வேலைக்குப் போணும்."

ஒன்றும் நடக்கவில்லை. இங்கேயும் காத்திருக்கத்தான் வேண்டுமா என்று அலுத்துக்கொண்டாள்.

தைல மணம் வந்தது.

சில்லென்ற விரல்கள் வலது தோளில் அமர்ந்தன. கட்டைவிரல் முடிச்சைத் தேடிப் பிடித்தது. கௌசல்யா பல்லைக் கடித்துக்கொண்டு, "அங்கதான்" என்று முனகினாள்.

அப்போது இடது தோளிலும் இரண்டு கைகள் அமர்ந்தன. நேற்று சூடாக ஓடிய அதே கைகள்; இன்று அவையும் சில்லென்றிருந்தன.

இடது பக்கம் சுவர். அவளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை.